ஒரு சொக்கெட் போதும்

கேள்வி (ஹட்டன் வாசகர்): அண்ணா, எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கை உடனுக்குடன் ஆபிஸ் திரையில் காட்ட ரியெக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ஒரு வெப் அப் செய்கிறேன். மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) ஒரு கொம்போனன்ட் (திரையின் ஒரு பகுதி), ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வெப்சொக்கெட் (சேர்வரோடு திறந்தே இருக்கும் இணைப்பு) திறக்கிறது. பக்கம் மாறி மாறி வந்தால் ஒரே நிறுவை இரண்டு மூன்று தடவை பட்டியலில் விழுகிறது. மழை நாளில் சிக்னல் போய் வந்தால் சில நிறுவை வருவதே இல்லை. என் அம்மாவும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறார். எங்கே பிழை?

பதில்: தம்பி, கொம்போனன்ட் திரைக்கு வந்ததும் ஓடும் யூஸ்எஃபெக்டுக்குள் சொக்கெட்டைத் திறந்துவிட்டு, அதை மூடும் ஃபங்ஷனைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். கொம்போனன்ட் திரையை விட்டுப் போனாலும் சொக்கெட் போகாது, பின்னால் இருந்து செய்தி வாங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் திரும்பி வரும்போது இன்னொன்று திறக்கும், இரண்டும் ஒரே நிறுவையைக் கொண்டுவந்து பொதுப் பட்டியலில் போடும். 2022இல் வந்த ரியெக்ட் 18இலிருந்து ஸ்ட்ரிக்ட் மோட் என்ற பிழை தேடும் வசதி, டெவலப்மன்ட் நேரத்தில் கொம்போனன்டை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவது இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கத்தான். எரிச்சலில் அதை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, மூடிவிட்டால் போதுமா? போதாது. பக்கம் மாறும்போதெல்லாம் மூடித் திறந்தால் பலவீனமான சிக்னலில் ஒவ்வொரு தடவையும் சேர்வரோடு புதிதாகக் கைகுலுக்கி இணைப்பைத் தொடங்க வேண்டும். இணைப்பைக் கொம்போனன்டின் சொத்தாக வைக்காதீர்கள். வெளியே தனி மொடியூலில் ஒன்றே ஒன்று, லொகின் ஆனதும் திறந்து லொகவுட் ஆகும்போது மூடட்டும். செய்தியில் மடுவத்தின் இலக்கம் இருக்கட்டும். கொம்போனன்ட் வரும்போது "இந்த மடுவம் எனக்கு வேண்டும்" என்று பதிந்துகொள்ளும், போகும்போது விலகிக்கொள்ளும். வெளியே இருக்கும் தரவைக் கொம்போனன்டுக்குக் கொண்டுவரும் ரியெக்டின் யூஸ்சிங்க்எக்ஸ்டர்னல்ஸ்டோர் இதற்கென்றே இருக்கிறது.

இனி காணாமல் போகும் நிறுவை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு என்றிருக்கும் இடத்தில் விழாமல் போன ஒரு கிலோ உங்கள் அம்மாவின் சம்பளத்தில் போன கிலோ. இணைப்பு அறுந்திருந்த நேரத்துச் செய்தியை வெப்சொக்கெட் உங்களுக்காக எடுத்து வைக்காது. ஆகவே சேர்வர் ஒவ்வொரு நிறுவைக்கும் தொடர் இலக்கம் கொடுத்து டேட்டாபேஸில் எழுதிய பிறகுதான் அனுப்ப வேண்டும். மறுபடி இணைந்ததும் திரை "என்னிடம் 412 வரை இருக்கிறது" என்று சொல்லும், சேர்வர் 413இலிருந்து கொடுக்கும், ஏற்கனவே வந்த இலக்கம் திரும்ப வந்தால் திரை அதை விட்டுவிடும். மடுவத்தில் நிறுவையைப் பதியும் போனும் அப்படித்தான், "கிடைத்தது" என்று சேர்வர் சொல்லும்வரை தன்னிடமிருந்து அழிக்கக் கூடாது. சம்பளக் கணக்கை ஒருபோதும் திரையில் உள்ள கூட்டலிலிருந்து எடுக்காதீர்கள், அது டேட்டாபேஸிலிருந்துதான் வர வேண்டும்.

சிக்னல் சத்தமில்லாமல் போனால் இணைப்பு மூடியதைச் சொல்லும் குளோஸ் நிகழ்வு உடனே வராது, திரை உயிரோடு இருப்பதுபோலவே நிற்கும். 25 செக்கனுக்கு ஒரு தடவை சிறிய செய்தி அனுப்புங்கள், 10 செக்கனில் பதில் இல்லையென்றால் நீங்களே மூடிவிட்டு மறுபடி இணையுங்கள். சேர்வருக்கு முன்னால் செய்தியை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் இருந்தால் இது இன்னும் அவசியம், மாற்றாமல் விட்டால் 60 செக்கன் சேர்வர் பக்கமிருந்து எதுவும் வராத இணைப்பை அது வெட்டிவிடும். மறுபடி இணைவதையும் 1, 2, 4, 8 செக்கன் என்று தள்ளித் தள்ளி, 30க்கு மேல் போகாமல், கொஞ்சம் தற்செயலான நேரமும் கூட்டிச் செய்யுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு எல்லா டிவிஷனும் ஒரே நொடியில் சேர்வரில் போய் விழக் கூடாது. அப்புறம், "கடைசியாக வந்தது 10.42" என்று திரையின் மேலே எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): எங்கள் டியூசன் வகுப்பின் அறிவித்தலைப் பிள்ளைகளின் போனில் உடனே காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் வெப்சொக்கெட் வேண்டுமா?

பதில்: வேண்டாம். செய்தி ஒரு பக்கமாகத்தான் போகிறது என்றால் ஈவன்ட்சோர்ஸ் (சேர்வரிலிருந்து செய்தி வாங்க மட்டும் பிரவுசரில் உள்ள வசதி) போதும். அறுந்தால் தானாகவே மறுபடி இணையும், அறிவித்தலுக்கு இலக்கம் கொடுத்திருந்தால் கடைசியாக வாங்கிய இலக்கத்தையும் அதுவே சேர்வருக்குச் சொல்லும். ஆனால் பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியின் பழைய 1.1இல் ஒரு தளத்துக்கு ஒரு பிரவுசரில் 6 இணைப்புதான், டப் கூடினால் அடைத்துக்கொள்ளும். எச்டிடிபி 2இல் ஓடவிடுங்கள்.