விடுமுறையிலும் தீராத களைப்பு: பணிச்சோர்வா, நோயா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சலுக்குப் பின் களைப்பு நீங்கவேயில்லை. பணிச்சோர்வுதான், தினமும் நடந்தால் சரியாகிவிடும் என்கிறார் அதிபர். நான் படித்த ஆய்வுகளோ இதையும் நாள்பட்ட களைப்பு நோயையும் கலந்தே பேசுகின்றன. எதை நம்புவது?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு பணிச்சோர்வை நோயாகக் கொள்ளவில்லை. சரிவரக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தால் விளையும், தொழில் சார்ந்த நிலையாகவே விளக்குகிறது. நாள்பட்ட களைப்பு நோயோ அதில் நரம்பு மண்டல நோய்களுள் அடங்குகிறது; பலருக்கு அது ஒரு தொற்றுக்குப் பின்னரே தொடங்குகிறது.

ஆய்வுகளில் குழப்பம் நுழைவது ஆள் சேர்க்கும் இடத்தில்தான். நாள்பட்ட களைப்பு நோய்க்கான 1991ஆம் ஆண்டின் ஒக்ஸ்போர்ட் வரையறை, வேறு நோயால் விளக்க முடியாத ஆறு மாதக் கடுங்களைப்பையே முதன்மையாகக் கொண்டதால், வேலையால் களைத்தவரும் மனச்சோர்வுற்றவரும் அதற்குள் எளிதாக அடங்கிவிடுவர். மறுபுறம், பணிச்சோர்வை அளக்கும் மஸ்லாக் வினாக்கொத்தின் ஒரு பகுதி களைப்பைத்தான் கேட்கிறது. நோயால் களைத்த ஆசிரியைக்கும் அதில் புள்ளிகள் ஏறிவிடும். ஆகவே, முடிவுரையைப் படிப்பதற்கு முன் யாரை, எந்த வரையறைப்படி சேர்த்தார்கள் என்று பாருங்கள். அது சொல்லப்படாத ஆய்வை நான் ஒதுக்கிவிடுவேன்.

அதே நோய்க்கு 2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் முன்வைத்த வரையறை, உழைப்புக்குப் பிந்திய நலிவைக் கட்டாய அறிகுறியாக்கியது. திங்களன்று பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாடசாலைப் படிகளில் ஏறியவர் அன்று சமாளித்துவிடுவார். புதனன்று தலை சீவக்கூடக் கை எழாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும் இந்த நலிவு நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். பணிச்சோர்வில் இவ்வாறு நேர்வது வழக்கமில்லை. வேலையிலிருந்து விலகியிருந்தால் பெரும்பாலும் சற்றேனும் தெம்பு திரும்பும். சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு, படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியை நாள்பட்ட களைப்பு நோய்க்குச் சிகிச்சையாக வழங்கலாகாது என 2021இல் அறிவுறுத்தியதும் உழைப்புக்குப் பிந்திய இந்த நலிவைக் கருதியே. காரணம் தெளிவாகும்வரை அதிபர் சொன்ன நடையை வலிந்து மேற்கொள்ள வேண்டாம்.

இந்நோயை உறுதிப்படுத்தும் தனியொரு இரத்தச் சோதனை இல்லை. ஆனால் இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு ஆகியவற்றைச் சோதனையால் அறியலாம். மலையகப் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக இருக்கையில், அதைப் பாராமலே பணிச்சோர்வு என்று முடிவுகட்டுவது அவசரம். இரண்டு வாரங்களுக்கு, அன்றன்று செய்த வேலையையும், அடுத்த இரு நாட்களின் நிலையையும், உறக்கத்தையும், எழுந்து நிற்கையில் தலை சுற்றியதா என்பதையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், அந்த இரண்டு வாரங்கள் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.