மழையா, ஆலங்கட்டியா?

கேள்வி: ரேடார் படத்தில் அடர்சிவப்பாகத் தெரியும் இடிமேகத்திலிருந்து விழுவது கனமழையா, ஆலங்கட்டியா என்பதை வானிலையாளர்கள் எவ்வாறு அறிகிறார்கள்?

பதில்: சிவப்பை மட்டும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. நிறம் காட்டுவது திரும்பி வரும் அலையின் வலிமையை. அந்த வலிமையோ துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளியின் நீர், 2 மி.மீ. துளிகள் எட்டின் நீருக்குச் சமம். ஆனால் அந்த எட்டும் சேர்ந்து தரும் எதிரொலி, ஒற்றைப் பெரிய துளி தருவதில் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே சில ஆலங்கட்டிகளே பெருமழையாகக் கணக்கில் ஏறிவிடும்.

அலையை, அதன் அதிர்வு ஒருமுறை கிடைமட்டமாகவும் ஒருமுறை செங்குத்தாகவும் இருக்கும்படி அனுப்பி, இரண்டு எதிரொலிகளையும் ஒப்பிட்டால் துளிகளின் அளவை அறியலாம் என்று 1976-இல் செலிகா, பிரிங்கி என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரிய மழைத்துளி, ஓவியங்களில் வரைவதுபோல் கூர்முனையுடன் இருப்பதில்லை. காற்றின் அழுத்தத்தால் அடி தட்டையாகி, பன் ரொட்டி வடிவில் அகன்று விழுவதால், அதன் கிடைமட்ட எதிரொலி மிகுதியாக இருக்கும். ஆலங்கட்டி உருண்டு புரண்டு வருவதால் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். வலிமை மிகுந்தும் வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டியும் இருந்தால் ஆலங்கட்டியைச் சந்தேகிக்கலாம். ஓக்லஹோமாவில் 2003-இல் விரிவாகச் சோதிக்கப்பட்ட இம்முறை, 2011 முதல் 2013 வரை அமெரிக்காவின் தேசிய ரேடார்களில் பொருத்தப்பட்டது.

கேள்வி: மேகத்தின் உள்ளே நடப்பதையும் இதைக் கொண்டு ஆராய முடியுமா?

பதில்: முடியும், ஆய்வாளர்களுக்கு இதன் பெரும்பயன் அதுதான் என்பேன். வெப்பச்சலன மேகத்தில், அதாவது சூடான காற்று எழுந்து உருவாகும் இடிமேகத்தில், மேலெழும் காற்று, பெரிய துளிகளை உறைநிலை மட்டத்துக்கு (வெப்பநிலை பூஜ்யம் டிகிரி செல்சியஸ் ஆகும் உயரத்துக்கு) மேலே தூக்கிச் செல்கிறது. அவை உடனே உறைவதில்லை. உறைந்து முடியச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், பனிக்கட்டிகளே நிறைந்திருக்க வேண்டிய உயரத்தில், தட்டையான துளிகளின் அடையாளம் ஒரு தூண்போல் எழுந்து நிற்பது தெரியும். அத்தூண் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு வலுவானது மேலெழு காற்று. தரையில் ஆலங்கட்டி விழுவதற்கு முன்பே அத்தூண் வளர்வது பல மேகங்களில் காணப்பட்டிருக்கிறது.

மழையளவைக் கணக்கிட, இரண்டு அலைகளுள் எது எவ்வளவு பின்தங்குகிறது என்ற கட்ட வேறுபாடு கைகொடுக்கிறது; புரண்டு விழும் உலர்ந்த ஆலங்கட்டி அதில் ஏறக்குறைய பங்கு கொள்வதில்லை. உருகும் சிறு ஆலங்கட்டிதான் சிக்கல்: அதைச் சூழ்ந்த நீர்ப்படலம் அதைப் பெரிய மழைத்துளியாகவே காட்டிவிடும் என்பதால், உறைநிலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.