60 பவுனும் ஆறரை ஏக்கரும்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு ஆறரை ஏக்கர் பூமி. நாலரை ஏக்கர் வாய்க்கால் பாசனம். 1978-ல் அப்பா தன் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்தபோது வந்தது. மீதி 2 ஏக்கர் மேட்டுக்காடு, கூட்டுறவு சங்கத்தில் வேலையில் இருந்தபோது 1994-ல் அப்பா கிரயம் வாங்கியது. பிள்ளைகள் நானும் அண்ணனும்தான். எனக்கு 1996-ல் கல்யாணம். 2024-ல் அப்பா தவறிவிட்டார். 2019-லேயே மொத்தப் பூமியையும் அண்ணனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்திருப்பது காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அப்பா இடம் வாங்கிக் கட்டிய வீடும் பேங்க் டெபாசிட்டும் அவர் பேரிலேயே உள்ளன. "60 பவுன் போட்டுச் சீர் செஞ்சாச்சு, அதுதான் உன் பங்கு. 10 லட்சம் தர்றேன், விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடு" என்கிறார் அண்ணன். அம்மா அண்ணனோடு இருக்கிறார். போடலாமா?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கையே விட்டுக்கொடுப்பது. போட்டுப் பதிவும் ஆகிவிட்டால், பிறகு "விவரம் தெரியாமல் போட்டேன்" என்று கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு.

முதலில் அந்த 60 பவுன். சீர் செய்தாயிற்று, அதனால் பங்கில்லை என்ற பேச்சு நம் பக்கம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஒருவர் உயிலோ செட்டில்மெண்ட்டோ எழுதாமல் விட்டுப்போன சொத்தைப் பிரிக்கும்போது, உயிரோடிருக்கையில் எந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தார் என்று கூட்டிக் கழிக்கச் சொல்லும் விதி எதுவும் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கிடையாது. இது உங்களுக்கும் பொருந்தும். அண்ணனுக்குத்தான் 2 ஏக்கர் போய்விட்டதே, வீட்டை முழுசாக எனக்குக் கொடுங்கள் என்று நீங்களும் கேட்க முடியாது. எனவே வீட்டிலும் டெபாசிட்டிலும் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. டெபாசிட்டுக்கு அண்ணனை நாமினியாகப் போட்டிருந்தாலும் பேங்க் அவரிடம் பணத்தைக் கொடுக்குமே தவிர, பணம் அவருடையதாகிவிடாது. குடியிருக்கும் வீட்டில் பெண் பாகம் கேட்கக் கூடாது என்றிருந்த பழைய தடையும் 2005-ல் எடுக்கப்பட்டுவிட்டது.

பூமி விஷயத்தில் எல்லாம் ஒரே கேள்வியில் நிற்கிறது: அது அப்பாவுக்கு எப்படி வந்தது? அப்பா செய்தது நியாயமா என்று கோர்ட் பார்க்காது.

1994-ல் வாங்கிய 2 ஏக்கரை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. சம்பளக்காரர் வாங்கிய பூமி சுயார்ஜிதம், அதாவது சொந்தச் சம்பாத்தியம். அதை அவர் மகனுக்கும் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். பூர்வீகப் பூமியின் வருமானத்தில்தான் வாங்கினார் என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 30 வருஷத்துக்கு முந்தைய வெள்ளாமைக் கணக்குக்கு எங்கே போவீர்கள்? மிரட்டியோ நினைவு தப்பிய நிலையிலோ எழுதி வாங்கியதாக வழக்குப் போடலாம், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள். ஆனால் 2019-ல் அப்பா அப்படி இருந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள். பத்திரத்தில் "இன்று முதல்" அண்ணனுக்குப் பாத்தியம் என்று இருக்கிறதா, "என் ஆயுளுக்குப் பின்" என்றா? உரிமையே அப்பா காலத்துக்குப் பிறகுதான் வரும் என்று எழுதியிருந்தால், மேலே தான செட்டில்மெண்ட் என்று போட்டிருந்தாலும் அது உயில். அப்போது சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கூண்டிலேற்றி அண்ணன் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

நாலரை ஏக்கர் கதையே வேறு. 1978 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை எடுத்து முதல் பக்கத்தைப் படியுங்கள். "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட" என்று இருந்தால், அதாவது உங்கள் அப்பாருக்கும் (அப்பாவின் அப்பாவுக்கும்) அது முன்னோர் வழியில் வந்தது என்றால், உங்கள் கை ஓங்குகிறது. அப்பாரு சொந்தமாகச் சம்பாதித்த பூமியாக இருந்து, அவர் 1956-க்குப் பிறகு காலமாகி, மகன்கள் வாரிசாகப் பிரித்துக்கொண்டது என்றால் அது அப்பாவின் தனிச் சொத்து. மேலே 2 ஏக்கருக்குச் சொன்னதே இதற்கும்.

பூர்வீகம் என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 25.3.1989-ல் அமலானபோது நீங்கள் கல்யாணமாகாத பெண். அன்றைக்கே நீங்கள் மகனுக்குச் சமமான பங்குதாரர். 2005 மத்தியத் திருத்தமும், மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020 வினீதா சர்மா தீர்ப்பும் அதை இன்னும் கெட்டியாக்கின. இப்படிப் பொதுவில் இருக்கும் பூமியை "அன்பினால், பாசத்தினால்" என்று ஒரு பிள்ளைக்கு முழுசாகத் தானம் எழுத அப்பாவுக்கு அதிகாரமில்லை. பிரிக்காத தன் பங்கைக்கூட மற்றப் பங்குதாரர் சம்மதம் இல்லாமல் தானம் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மகளுக்குக் கல்யாணச் சீராகப் பூர்வீகத்தில் அளவோடு கொஞ்சம் பூமி கொடுக்கத்தான் பழைய இந்துச் சட்டமே அப்பாவுக்கு இடம் கொடுத்தது.

கணக்கு இதுதான். அப்பா, அண்ணன், நீங்கள், ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். அப்பாவின் ஒன்றரை, அம்மா உள்பட மூவருக்கு அரை அரை ஏக்கராகப் போகும். ஆக உங்களுக்கு 2 ஏக்கர், அண்ணனுக்கு 2, அம்மாவுக்கு அரை. அண்ணன் தருவதாகச் சொல்லும் 10 லட்சத்தை வாய்க்கால் பாசனத்தில் 2 ஏக்கரின் இன்றைய விலையோடு வைத்துப் பாருங்கள். வீட்டுப் பங்கு அதற்கு மேல். அம்மாவின் அரை ஏக்கர் அவர் இஷ்டம். அதையும் அவர் அண்ணனுக்கே எழுதினால் யாரும் கேட்க முடியாது.

பட்டா அண்ணன் பேருக்கு மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. அப்பா செய்த தானத்தை எதிர்க்க, அண்ணன் அனுபவத்துக்கு வந்ததிலிருந்து 12 வருஷம் அவகாசம் உண்டு. அதற்காக ஆறப்போடாதீர்கள். அண்ணன் வேறு யாருக்காவது கிரயம் செய்துவிட்டால் வழக்கில் ஆட்களும் கூடும், வருஷங்களும் கூடும். வில்லங்கச் சான்றும் மூன்று பத்திரங்களின் சான்றிட்ட நகல்களும் எடுத்துக்கொண்டு வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். பிறகுதான் பாகப்பிரிவினை வழக்கு; நாலரை ஏக்கர் அளவுக்கு செட்டில்மெண்ட் உங்களைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகையும் (கோர்ட்டின் அறிவிப்பும்) அதிலேயே கேட்க வேண்டும். அண்ணன் உங்களை அனுபவத்திலிருந்து விலக்கிவிட்டார் என்று வழக்குரையில் எழுதினால் உங்கள் பங்கின் மதிப்பில் நூற்றுக்கு 3 ரூபாய் கோர்ட் கட்டணம், அதனால் வார்த்தையை யோசித்துப் போடச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் போனதும் அண்ணன் பேச வருவார் என்றே நினைக்கிறேன். வந்தால் பேசுங்கள். முடிவானதை விடுதலைப் பத்திரமாக இல்லாமல் மூவரும் சேர்ந்த பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, கரண்ட் சர்வீஸ் யார் பேரில், வாய்க்கால் தண்ணீர் யார் காட்டைத் தாண்டி வரும், வண்டித்தடம் எத்தனை அடி என்பதெல்லாம் அதிலேயே எழுதப்பட வேண்டும். ஏக்கர் கணக்கில் ஒத்துப்போன அண்ணன் தங்கைகள் தடத்துக்காக மறுபடி கோர்ட்டுக்கு வருவதை கோபியிலும் பவானியிலும் நிறையவே பார்த்திருக்கிறேன்.