உளவாளி கோட்டும் மதுரை வெயிலும்

வாசகர் கேள்விகளுக்கு எங்கள் உடையலங்காரக் குழுவின் பதில்கள்

வைகாசியில் எனக்குக் கல்யாணம். வரவேற்புக்கு ஜேம்ஸ் பாண்ட் மாதிரி கோட் சூட் போட ஆசை. மண்டபத்தில் ஏசி உண்டு, ஆனால் மேடை லைட்டுக்கு அது எடுபடாது என்கிறார்கள். என்ன துணி எடுக்கலாம், எப்படித் தைக்கச் சொல்லலாம்?
– திருமங்கலம் வாசகர்

எந்த பாண்ட் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ‘டாக்டர் நோ’ (1962) படத்துக்காக ஷான் கானரியை இயக்குநர் டெரன்ஸ் யங் தன்னுடைய டெய்லர் ஆண்டனி சின்க்ளேரிடமே கூட்டிப்போனார். அவர் தைத்த கோட்டுக்குத் தோளில் பஞ்சு குறைவு, மார்பில் துணி கொஞ்சம் தளர்வு, இடுப்பில் மட்டும் பிடிப்பு. ‘ஸ்கைஃபால்’ (2012) படத்தில் டேனியல் கிரெய்க் போட்டது நேர்மாறு. குட்டையாக, உடம்போடு ஒட்டி, பட்டன் போட்டதும் வயிற்றருகே குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கம் விழும். திரையில் அது எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு மணி நேரம் மேடையில் நின்று, வரிசையாகப் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்திருக்க வேண்டிய மாப்பிள்ளைக்கு ஒத்துவராது. கானரி கணக்குத்தான் உங்களுக்குச் சரி.

விளக்குத்தூண் பக்கத் துணிக்கடைகளில் சூட் துணி கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது டி.ஆர்., அதாவது பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி. விலை குறைவு, லேசில் கசங்காது. ஆனால் வியர்வையை உள்ளேயே பிடித்து வைக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் ‘டிராபிகல் வுல்’ கேளுங்கள், மீட்டருக்கு 250 கிராம் சுமாரில். கம்பளி என்றதும் கொடைக்கானல் ஸ்வெட்டரை நினைக்காதீர்கள். இது மெல்லிய நூலில் இடைவெளி விட்டு நெய்தது. லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் காற்றும் போகும். 58 அங்குல அகலத் துணியில் நடுத்தர உடம்புக்கு கோட், பேண்ட் இரண்டுக்கும் 3.25 மீட்டர் போதும். கட்டம் போட்டதென்றால் அரை மீட்டர் கூட எடுங்கள். பாக்கெட்டிலும் முதுகுத் தையலிலும் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும், அதில் துணி வீணாகும்.

நல்ல துணி வாங்கியும் கோட் புழுங்குகிறது என்றால் குற்றவாளி லைனிங். முழு முதுகுக்கும் பாலியஸ்டர் லைனிங் வைத்தால் கம்பளிக்குக் கொடுத்த காசு வீண். ‘அரை லைனிங்’ என்று சொல்லுங்கள். தோள், கை, மேல் முதுகு வரை இருந்தால் போதும். அடுத்தது உள்ளே வைக்கும் விறைப்பு. துணி மேல் பசையோடு ஒட்டும் பேஸ்டிங் மலிவு. ஆனால் ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் பசை விட்டு, மார்பில் அப்பளம் போலக் கொப்புளம் கிளம்பும். தைத்து இணைக்கும் கேன்வாஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. டெய்லர் எதை வைத்தார் என்று அறிய, கீழ்ப் பட்டன் துளைக்கு அடியில் முன்துணியையும் பின்துணியையும் விரலால் பிரித்து இழுங்கள். நடுவே மூன்றாவதாக ஓர் அடுக்கு நழுவினால் கேன்வாஸ்.

டிரயலில் கோட் பட்டனை விட ஆர்ம்ஹோலை, அதாவது தோளில் கை சேரும் துளையைப் பாருங்கள். பெரிதாக வெட்டினால் வசதி என்று பல டெய்லர்கள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு: ஆர்ம்ஹோல் கீழே இறங்கியிருந்தால் கையைத் தூக்கும்போது மொத்தக் கோட்டும் காலரோடு சேர்ந்து மேலே ஏறும். அக்குளுக்குக் கிட்ட, உறுத்தாத உயரத்தில் வெட்டினால் கை மட்டும்தான் தூக்கும். கோட் கைக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரியட்டும். பின்னால் நடுவில் ஒரு வெட்டுக்குப் பதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, 8 முதல் 9 அங்குலம் வரை. பேண்ட்டின் பின் தையல்தான் கும்பிட்டு விழும்போது கிழியும் இடம். அங்கே இரட்டைத் தையல் போட்டு, உள்ளே ஒன்றரை அங்குலம் துணியும் விடச் சொல்லுங்கள். பெல்ட் வேண்டாம். கானரியின் பேண்ட்டிலும் பெல்ட் கிடையாது, இடுப்பின் இரு பக்கமும் பட்டன் வைத்து இறுக்கும் பட்டிதான். விருந்து சாப்பிட்டதும் ஒரு பட்டன் தளர்த்திக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

நிறம்? கறுப்பை விட, கறுப்பென்றே தோன்றும் அடர்நீலம். மஞ்சள் விளக்கில் கறுப்பு சாயம் வெளுத்ததுபோல் மங்கும், அடர்நீலம் ஆழமாக நிற்கும். வெள்ளை எல்இடி மேடையில் நீலம் சற்றே வெளிப்படும். அதனால் கடை வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கும் எடுத்து வந்து பாருங்கள். முகூர்த்த மாசம் என்பதால் ஒரு மாசம் முன்னாலேயே அளவு கொடுத்துவிடுங்கள். இரண்டு டிரயல் இல்லாமல் வாங்காதீர்கள்.

வெள்ளை கோட், பட்டன் துளையில் சிவப்புப் பூ?
– சிம்மக்கல் வாசகர்

‘கோல்ட்ஃபிங்கர்’ (1964) பாண்ட் படத்தின் தொடக்கக் காட்சியில் வருவது தூய வெள்ளை அல்ல, தந்த நிறம். பேண்ட் கறுப்பு. பளீர் வெள்ளையில் மேலும் கீழும் ஒரே நிறமாகப் போனீர்களானால் மண்டப வாசலில் பேண்டு வாத்தியக்காரர்கள் உங்களுக்கும் ஓர் ஊதலை நீட்டுவார்கள்.

கல்லூரி நாடகத்தில் நான் உளவாளி. சேலையில் ஓட வேண்டும், ஓர் உதையும் உண்டு. ஒத்திகையில் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. என்ன செய்வது?
– தல்லாகுளம் மாணவி

பின் ஊசியைக் கூட்டுவது தீர்வு ஆகாது தங்கச்சி. உதைக்கும்போது இழுபடுவது உள்பாவாடை. சேலை அதன் நாடாவில் தொங்குவதால் கூடவே வருகிறது. பாவாடையை விட்டுவிட்டு, சேலை நிறத்திலேயே லெக்கின்ஸ் போடுங்கள். கொசுவத்தை 5 மடிப்பாக எடுத்து, 2 அங்குல அகலக் கெட்டிப் பட்டியில் தைத்துவிடுங்கள். பட்டியை இடுப்புச் சுற்றளவுக்கு வெட்டி, இடப் பக்கம் மூன்று கொக்கி. பட்டிக்குக் கீழே ஒரு சாண் வரை மட்டும் மடிப்பைச் சேர்த்துத் தையுங்கள், அதற்குக் கீழே விட்டுவிட்டால்தான் கால் அகலும். சேலைக் கரை கணுக்காலுக்கு மேல் 2 அங்குலத்தில் நிற்கட்டும். தரை தொட்டால் முதல் ஓட்டத்திலேயே மிதிபடும்.

முந்தானையைத் தோளில் ஒரு பின், முதுகில் ரவிக்கையோடு இன்னொன்று, பிறகு இடுப்பைச் சுற்றிச் செருகல். ரவிக்கை அக்குளில்தான் கிழியும். அங்கே 3 அங்குலச் சதுரத் துண்டைச் சாய்த்து வைத்துத் தைத்தால் கை தாராளமாக ஏறும். துணிக்கு நம்ம ஊர்ச் சுங்குடியே நல்லது. கஞ்சி போக இரண்டு முறை அலசிவிட்டால் வழுக்காது, மேடை லைட்டில் மின்னவும் மின்னாது. ஒத்திகை முழுக்க அதே செருப்போடு செய்யுங்கள், கரையின் உயரம் அதைப் பொறுத்தது.

குறும்படம் எடுக்கிறோம். மதுரையில் நடக்கும் உளவாளிக் கதை. ஹீரோவுக்கு நீள ஓவர்கோட், தொப்பி கொடுக்கலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

கொடுத்தால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவரைச் சுற்றி வேடிக்கைக் கூட்டம்தான் சேரும். அந்தக் கோட் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் மழைக்கும் சேற்றுக்கும் போட்டது. தோள் பட்டியும் பெல்ட்டும் அதன் மிச்சம். குளிர்நாட்டு மழைத் தெருவில் அதைப் போட்டவன் கூட்டத்தில் மறைவான், சித்திரை வெயிலில் அதே கோட் காட்டிக்கொடுக்கும். ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’ (1965) படத்தில் மைக்கேல் கெய்னுக்குத் தடித்த ஃபிரேம் கண்ணாடி போட்டு ஆபீஸ் குமாஸ்தா போல ஆக்கினார்கள். அந்த வழியில் யோசியுங்கள். வெளுத்த அரைக்கைச் சட்டை, பையில் பேனா, சாம்பல் நிற பேண்ட், கையில் மஞ்சப்பை. ஷூவும் முடிவெட்டும்தான் மப்டி போலீஸைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அவருக்குத் தேய்ந்த செருப்பு.

புதுச் சட்டை கேமராவில் புதுசாகவே தெரியும். மூன்று முறை துவைத்து, காலரையும் கை ஓரத்தையும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பொடிக் கோடு, பொடிக் கட்டம் தவிர்க்கவும், டிஜிட்டல் கேமராவில் அவை அலையலையாக ஆடும். கடையிலேயே போனில் வீடியோ எடுத்துப் பார்த்துவிடலாம். சண்டை இருந்தால் ஒரே ரோலில் துணி வெட்டி மூன்று சட்டை: சுத்தமானது, பாதி கிழிந்தது, ரத்தம் பட்டது. பிறகு வாங்கினால் சாயம் ஒத்துப்போகாது. கோட் போட்டு பைக் ஓட்டும் காட்சி இருந்தால் அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் கை நீளம் ஓர் அங்குலம் கூட்டுங்கள். கை நீட்டும்போது அவ்வளவு மேலே ஏறிவிடும்.

ஜெய்சங்கர் கட்டிய ஒல்லி டை இப்போது எடுபடுமா?
– மேலூர் வாசகர்

எடுபடும். ‘வல்லவன் ஒருவன்’ (1966) படக் காலத்து டை இரண்டு, இரண்டரை அங்குலம். கோட்டின் மடிப்புக் காலரும் அதே அளவு ஒல்லியாக இருக்க வேண்டும். அகலக் காலரில் ஒல்லி டை கட்டினால் கடன் வாங்கியதுபோல் இருக்கும்.

கல்யாணக் கோட்டை எப்படிப் பத்திரப்படுத்துவது?
– சோழவந்தான் வாசகர்

போட்டு முடித்ததும் பீரோவுக்குள் தள்ளாதீர்கள். தோள் அகலமுள்ள மரத் தாங்கியில் ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் தொங்கட்டும். மறுநாள் ட்ரை கிளீனிங். வியர்வை உப்போடு வைத்தால் அக்குளில் நிறம் போகும், கம்பளியில் பூச்சியும் விழும். இஸ்திரியை நேராக வைக்காமல் ஈரத் துணி விரித்து அதன் மேல் போடுங்கள், டி.ஆர். என்றால் கண்டிப்பாக. நேரடிச் சூட்டில் வந்த பளபளப்பு பிறகு போகவே போகாது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய வேட்டியால் மூடுங்கள்.