புது ஜன்னலில் தண்ணீர் இறங்குகிறதா? சிலிக்கான் அடிப்பதற்கு முன்

கேள்வி: சென்னையில் முதல் மாடி வீடு. பழைய மர ஜன்னல்களை எடுத்துவிட்டு ஆகஸ்டில் யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் போட்டோம். காற்றோடு மழை அடித்தால் கிழக்குப் பக்க ஜன்னலின் கீழ்மூலையில் தண்ணீர் இறங்கி, சுவரில் பெயின்ட் கொப்பளிக்கிறது. இரவில் விசில் அடிப்பது போலக் காற்றும் வருகிறது. பொருத்தியவர் உள்பக்கம் இரண்டு முறை சிலிக்கான் அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உள்பக்கம் சிலிக்கான் அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் வெளியே இருந்து சுவருக்குள் நுழைந்துவிட்ட பிறகு உள்வாயை அடைத்தால் அது பூச்சுக்குள்ளேயே ஊறும். பெயின்ட் கொப்பளிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீர் ஜன்னல் சட்டம் வழியாக வருகிறதா, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலா, மேலே இருக்கும் சன்ஷேட் விரிசலிலிருந்தா என்று தெரியாமல் எதைப் பூசினாலும் வீண்.

மழையில்லாத நாளில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழ் ட்ராக்கில் மெதுவாக ஊற்றுங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் ட்ராக்கில் மழைத் தண்ணீர் விழுவது குறை இல்லை. விழுந்தது சட்டத்தின் வெளிமுகத்தில் இருக்கும் வடிகால் துளைகள் வழியே ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் தேங்கி நின்றால் துளை அடைத்திருக்கிறது. புது வேலையில் அங்கே சிமென்ட் துகளும் பட்டித் தூளும்தான் கிடக்கும். சில இடங்களில் சிலிக்கான் அடித்தவரே துளையையும் சேர்த்து மூடியிருப்பார். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, மறுபடி ஊற்றிப் பாருங்கள். துளையே போடாமல் சட்டத்தை மாட்டியிருந்தால், அதைப் போட்டுத் தருவது பொருத்தியவரின் பொறுப்பு.

தண்ணீர் தேங்காமல், வெளியேயும் வராமல் காணாமல் போனால் ட்ராக்கில் முடுக்கிய ஸ்க்ரூக்களைச் சந்தேகப்படுங்கள். அடிச்சட்டத்தைத் துளைத்துக் கீழ்ச்சுவரில் இறக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவும் சுவருக்குள் ஒரு குழாய் மாதிரி. ஸ்க்ரூவைக் கழற்றி, துளைக்குள் சிலிக்கானை நிரப்பி, மறுபடி முடுக்கி, தலைமேலும் பூச வேண்டும். சட்டத்தின் மூலை வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

காற்றோடு வரும் மழையில் மட்டும் ஏன் கசிகிறது? மணிக்கு 50 கிமீ காற்று சுமார் 12 மிமீ உயரத் தண்ணீரை ட்ராக்கில் தள்ளி நிறுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்கு, அதாவது 47 மிமீ அளவுக்கு ஏறும். ட்ராக்கின் உள்சுவர் அதைவிடக் குட்டையாக இருந்தால், புயல் நாளில் நல்ல ஜன்னலிலும் தண்ணீர் வழிந்து உள்ளே வரும். சாதாரண மழைக்கே வருகிறது என்றால் அது பொருத்தியதில் உள்ள பிழைதான்.

சட்டம் சரியாக இருந்தால் அடுத்தது ஹோஸ் சோதனை. உள்ளே ஒருவர் நிற்கட்டும். வெளியே கீழ்விளிம்பில் மட்டும் 10 நிமிடம் தண்ணீர் விட்டு, பிறகு பக்கவாட்டு, கடைசியாக மேல்விளிம்பு, சன்ஷேட் என்று ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எங்கே கசிகிறது என்று பிடிக்க முடியாது. ஏணியையும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சுவர் இணைப்பில் கசிந்தால் வெளிப்பக்கத்துப் பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுங்கள். பழையதன்மேல் புதியது ஒட்டாது. பட்டியின்மேல் அடித்ததும் நிற்காது. அந்த வரியைப் பிடித்து இழுத்தால் முதுகில் வெள்ளைப் பட்டித் தூளோடு நாடா போல உரிந்து வரும். சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். 8 மிமீ இடைவெளிக்கு 10 மிமீ பேக்கர் ராட் என்னும் ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, அதன்மேல் 6 மிமீ ஆழத்துக்குச் சிலிக்கான் அடித்தால் போதும். 4 அடிக்கு 4 அடி ஜன்னலைச் சுற்றி அடிக்க ஏறக்குறைய 235 மிலி, அதாவது ஒரு ட்யூப் ஆகும். வினிகர் நெடி வீசும் வகை வேண்டாம், அது சிமென்டில் சரியாகப் பிடிக்காது. நியூட்ரல் க்யூர், வெளிப்புறப் பயன்பாட்டுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். வடிகால் துளைகளை மட்டும் தொடவே கூடாது.

கீழே கிரானைட் போட்டிருந்தால் அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே வரை ஒரே பலகையாக, மட்டமாகப் போட்டிருந்தால் தண்ணீர் சட்டத்தின் அடியில் புகும். சிலிக்கான் அதைக் கொஞ்ச காலம்தான் தாங்கும். வெளிப்பகுதியை வெட்டி எடுத்து, வெளிநோக்கிச் சரிவாக, சுவரைத் தாண்டி 40 மிமீ நீட்டி, அடியில் தண்ணீர் சொட்டுவதற்கு ஒரு காடி வெட்டிப் பதிப்பதுதான் நிலையான தீர்வு. செலவு ஆகும், ஆனாலும் செய்துவிடுங்கள்.

விசில் சத்தத்துக்கு, காற்றடிக்கும்போது ஊதுவத்தியை ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோங்கள். இரண்டு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நடுக்கோட்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் புகை சிதறினால், அங்கே வைக்க வேண்டிய அடைப்புத் துண்டு இல்லை என்று அர்த்தம். ஓரம் நெடுகச் சிதறினால் பிரஷ் நாடா தேய்ந்தோ வெட்டுக் குறைந்தோ இருக்கும். பழையதில் ஒரு துண்டு எடுத்துப்போய், அடிப்பட்டை அகலமும் மயிரின் உயரமும் பொருந்துமாறு வாங்குங்கள். கதவு ஒரு மூலையில் மட்டும் விலகி நின்றால், அதன் கீழ்ப்பக்கத்து ரோலர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள்.

பெயின்ட் வேலைக்கு அவசரம் வேண்டாம். கொப்பளித்த பட்டியைச் சுரண்டிவிட்டுச் சுவரைத் திறந்தே வையுங்கள். காற்றோடு ஒரு நல்ல மழை அடித்து, அந்த மூலை நனையாமல் இருந்தால், அதன்பிறகு பட்டி பார்க்கச் சொல்லுங்கள்.