தாத்தா டைரிக்கு லேமினேஷன் வேண்டாம்

கேள்வி: திருவல்லிக்கேணி வீட்டுப் பரணில் தாத்தாவின் 1931 முதல் 1947 வரையிலான டைரிகள், ரங்கூனிலிருந்து உறவினர்கள் எழுதிய கடிதங்கள், சில ஓலைச்சுவடிகள் கிடைத்தன. தாள் பொடிகிறது. லேமினேட் செய்யலாமா? காப்பகத்தில் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் ஒருவரை நம்பலாமா?

பதில்: லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்துவரும். செலோடேப்பும் கூடாது. மொட்டைமாடி வெயிலில் உலர்த்தவும் வேண்டாம். மை வெளிறும், தாள் இன்னும் முறுகும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றித் தரைக்கு மேலே வையுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தாளில் எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. இதற்கு ஒரே விலக்கு ஓலை. எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது வழக்கம். அது வளைந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது. ஓலைக்குத்தான், மறுபடியும் சொல்கிறேன், ஓலைக்கு மட்டும்தான். அதிலும் மையால் எழுதிய ஓலை என்றால் கூடாது. அதே எண்ணெயை டைரியிலும் தடவிவிட்டு, கறையை எப்படிப் போக்குவது என்று கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த 'ஒருவர்' விஷயத்துக்கு வருவோம். இத்தகைய தரகர்களுக்கு உங்கள் தாத்தா எழுதியது பெரும்பாலும் தேவையில்லை. கடித உறைதான் தேவை. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்குச் சற்று முன் வந்த உறையில் போர்க்காலத் தணிக்கை முத்திரை இருந்தால் தபால்தலை சேகரிப்பவர்கள் விலை கொடுப்பார்கள். உறை ஒருவரிடமும் கடிதம் பழைய பேப்பர்க் கடையிலும் போய்ச் சேரும். தேதியில்லாத கடிதத்துக்கு உறையிலுள்ள அஞ்சல் முத்திரைதான் சாட்சி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்கிறது என்று அவர் ஆசை காட்டினால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை நினைவூட்டுங்கள்: 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

காப்பகத்துக்குத் தரகர் எதற்கு? நேரே போங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம் முதன்மையாக அரசுக் கோப்புகளுக்கானது. டைரிகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் முதலில் விசாரியுங்கள். ஓலைகளுக்கு அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ பெசன்ட் நகரிலுள்ள உ.வே.சா. நூலகமோ சரி. அரசு அலுவலகம் என்றால் பொறுமையையும் எடுத்துச் செல்லுங்கள். ஓர் அலுவலகத்தில், ஒரு நண்பரின் குடும்பக் கடிதங்களை இலவசமாகக் கொடுக்கவே எனக்கு நான்கு மாதம் ஆயிற்று; மூன்று மேசை, ஒரே கேள்வி: "இது எந்தப் பிரிவில் வரும்?" இந்த அலைச்சல்தான் தரகர்களுக்கு வாழ்வு கொடுக்கிறது.

எங்கே கொடுத்தாலும் அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். டைரிகளின் எண்ணிக்கையை ஆண்டுவாரியாக எழுதி, கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நன்கொடையா, பாதுகாப்புக்கு ஒப்படைப்பதா என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.