ஆண் ஈ கிடைக்கும் வரை பெயர் வைக்க வேண்டாம்

சிலந்திப்பேனைத் தின்னும் ஆரஞ்சு நிறப் புழுக்களை வளர்த்ததில் இரண்டு பெண் ஈக்கள் வந்தன, சிலந்திப்பேனைத் தின்னும் ஈயினமான ஃபெல்டியெல்லா அகாரிசூகாவின் படத்தோடு அவை ஒத்துப்போகவில்லை, இதைப் புது இனமாக அறிவிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கண் உங்களுக்கு. ஆனால் பெண்ணை மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

இந்த ஈக்கள் சேர்ந்த செசிடோமையிடே குடும்பத்தில் இனத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஆணின் பின்முனைப் பற்றுறுப்புதான், அதாவது இணையும்போது பெண்ணைப் பிடிக்கும் உறுப்பு. ஆணின் உணர்கொம்பையும் பாருங்கள்: ஒவ்வொரு கணுவிலும் மெல்லிய நூலைச் சுருக்குப் போட்டது மாதிரி வளையங்கள் நிற்கும். முதல் தடவை அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. நிறமும் உடல் அளவும் நம்பத்தக்கவை அல்ல. ஒரே ஈக்கு இரண்டு பெயர் வந்த கதையும் உண்டு: அகாரிசூகாவுக்கு 1827இல் வல்லோ என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பெயர் வைத்தார். பிறகு அதே ஈயைத் தெரோடிப்ளோசிஸ் பெர்சிகே என்று தனி இனமாகவும் எழுதிவிட்டார்கள்.

அதனால் இலையின் அடியில், நரம்பை ஒட்டி வெள்ளைக் கூடுகள் இருக்கிறதா என்று தேடி, இலையோடு எடுத்து வளர்த்துப் பாருங்கள். வரும் ஈக்களில் சிலவற்றை ஸ்லைடில் ஏற்றுங்கள். சிலவற்றையும் சில புழுக்களையும் டிஎன்ஏவுக்காக 95 சதவீத ஆல்கஹாலில் குளிரில் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்லைடாக்கிவிட்டால் அப்புறம் வருத்தப்படுவீர்கள்.

ஃபெல்டியெல்லா பேரினத்தின் இனங்களை மறுபடி ஆராய்ந்து பூச்சியியலாளர் காக்னே 1995இல் எழுதிய திருத்தாய்வோடு ஒப்பிட்டும் வேறாகவே நின்றால், சரி, எழுதலாம். ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் (இனப்பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரி) என்று குறிப்பிட்டு, எந்த அருங்காட்சியகத்தில் வைக்கிறீர்கள் என்பதையும் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். மின்னிதழ் என்றால் வெளியாகும் முன்பே விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிய வேண்டும்.